பொதிகை முதல் புன்னைக்காயல் வரை: தாமிரபரணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணியின் மொத்த நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் அரை நாளில் முடிந்துவிடும் தூரம். அதற்குள் மழைக்காடு, அருவி, நெல்வயல், வாழைத்தோட்டம், பனங்காடு, உப்பளம், கடல் என எல்லாம் வந்துவிடுகின்றன. வெளியூர் நண்பர்களும், ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நீளம் குறைந்த ஆறு என்று சிலர் இதைச் சற்று இளப்பமாகச் சொல்வதுண்டு. இந்த ஆற்றின் குணம் முழுவதும் அந்த நீளக் குறைவிலிருந்தே வருகிறது என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

ஆறு எங்கே தொடங்குகிறது?

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, தமிழ்நாடும் கேரளமும் முதுகொட்டி நிற்கும் பொதிகை மலையில். அகத்தியர் மலை என்று சொல்லப்படும் அதன் சிகரம் 1,868 மீட்டர் உயரம். கிழக்குச் சரிவில் உள்ள பூங்குளம் என்னும் சுனையே ஆற்றின் பிறப்பிடம் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் மழைமலையில் பிறக்கும் ஆற்றுக்கு ஒற்றைப் பிறப்பிடம் குறிப்பது கடினம். மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் ஓடை இறங்குகிறது. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு ஆகியவை பாபநாசம் மேல் அணைக்கு முன்பே சேர்ந்துவிடுகின்றன. இவற்றுள் எதைத் தாய் என்பது, எதைக் கிளை என்பது? பூங்குளத்தை மதிப்போம், அதே சமயம் அந்தச் சரிவு முழுவதுமே ஆற்றின் பிறப்பிடம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்வோம். காட்டைக் காக்கும் பேச்சு வரும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. ஒரு சுனைக்கு வேலி போட்டு ஆற்றைக் காப்பாற்றிவிட முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பிறக்கும் காவிரி 800 கிலோமீட்டர் ஓடும்போது, இது மட்டும் ஏன் இவ்வளவு சிறியது?

காவிரி பிறக்கும் குடகிலிருந்து வங்கக்கடல் வெகு தொலைவு. நடுவே மைசூர்ப் பீடபூமி கிடக்கிறது. தெற்கே வரவர நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. அகத்தியர் மலையிலிருந்து மேற்கே அரபிக்கடல் நாற்பது கிலோமீட்டர் அளவில்தான். கிழக்கே மன்னார் வளைகுடாவும் நேர்கோட்டில் அளந்தால் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆறு அதற்கு மேல் ஓட இடமே இல்லை.

வரைபடத்தை விரித்தால் இன்னொன்றும் தெரியும். ஆறு பிறக்கும் சிகரமும் அது கடலைச் சேரும் புன்னைக்காயலும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. மலையிலிருந்து வடகிழக்காக ஏறி, திருநெல்வேலியைத் தொட்டு, பிறகு தென்கிழக்காக இறங்கி, நாணேற்றாத வில்லைப்போல் வளைந்து கிடக்கிறது ஆறு. எல்லா வளைவும் இந்தப் பெரிய வளைவுக்கு அடங்கியவை அல்ல. முறப்பநாட்டில் சிறிது தூரம் வடக்கு நோக்கியே ஓடுகிறது. அந்தத் துறையைத் தட்சிண கங்கை என்று சொல்லி நீராடுகிறார்கள்.

சரிவும் அப்படியே. மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் விழுந்து இறங்கும் தண்ணீர், பாபநாசத்தைத் தாண்டியதும் சமவெளிக்கு வந்துவிடுகிறது. திருநெல்வேலிக்கு வரும்போது கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட உயரம் மிச்சமில்லை. அந்த ஐம்பது மீட்டரைக் கடைசி அறுபது கிலோமீட்டருக்குப் பங்கிட்டுக்கொண்டு மெல்லப் போகிறது. படிக்கட்டில் உருண்டு விழுந்து, பிறகு தரையில் தவழ்வதைப் போன்ற பயணம்.

திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும்போது மலைமேல் மட்டும் ஏன் அத்தனை மழை?

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினால் சராசரியாக ஒரு மீட்டரைத் தொடாது. மலைமேல் மாஞ்சோலையைத் தாண்டியுள்ள காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து பகுதிகளில் அது மூன்று மீட்டரைக் கடப்பது வழக்கம். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. மழைக்காலத்துச் செய்தித்தாளில் மாநிலத்திலேயே அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலைப் பாருங்கள். ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி அதில் இருக்கும்.

காரணம், மலை நிற்கும் இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. பெரும்பங்கு கேரளச் சரிவில் விழுந்துவிடும். ஆனால் இங்கே மலைமுகடு அகலம் குறைந்தது. மேகம் முகட்டோடு நின்றுவிடாமல் கிழக்கே வழிந்து, மேல்பள்ளத்தாக்குகளிலும் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இறக்கிவைத்த காற்று சரிவில் இறங்கும்போது சூடேறி வறண்டுபோகிறது. ஜூலையில் திருநெல்வேலித் தெருக்களில் புழுதியைக் கிளப்பி, உலர்த்தப் போட்ட வேட்டியைப் பறிக்கும் காற்று, சற்றுமுன் மலையில் மழை பெய்துவிட்டு வந்த அதே காற்று.

அக்டோபரில் காட்சி மாறுகிறது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடலிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் வரும் கீழைக்காற்றுக்குச் சமவெளியில் தடை எதுவும் கிடையாது. கிழக்கு நோக்கித் திறந்திருக்கும் மலைச்சுவரில் வந்துதான் முட்டுகிறது. இலங்கை அருகிலோ குமரிக்கடலிலோ காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஒன்று நிலைத்துவிட்டால், மலையில் நாள்கணக்கில் அடைமழை. இடையில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியோடு கோடைமழை வேறு. இரண்டு கடல்களிடமிருந்தும் முறை வைத்து மழை வாங்கும் மலை இது. தமிழ்நாட்டில் இந்தக் கொடுப்பினை வாய்த்த ஆறுகள் மிகச் சிலவே.

மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

மிகுதியும் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. இதைக் காட்டுக்குள் போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

மேல்மலைச் சோலைக்காட்டில் கால் வைத்தால் தரை அமுங்கும். மேலே ஒரு சாண் அளவுக்கு இலைச்சருகு. மேலடுக்கு காய்ந்தும் அடியடுக்கு கறுத்து மக்கியும் இருக்கும். அதை விலக்கினால் மண்ணைவிட வேர்தான் அதிகம். தலைமுடியைப்போல் மெல்லிய வேர்கள் பின்னிக் கிடக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வடியும். மழை விட்டு நான்கைந்து நாள் ஆன பிறகும் வடியும். நான் அப்படிப் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் கணுக்காலில் மூன்று அட்டைகள் ஏறிவிட்டன. ஆனாலும் அந்தக் கைப்பிடி மண்ணைப் பார்த்த பிறகுதான் ஆறு எனக்குப் புரிந்தது.

பெருமழையின் துளிகள் முதலில் இலைக்கூரையில் உடைகின்றன. பிறகு கிளை வழியாகவும் தண்டு வழியாகவும் இறங்குகின்றன. சருகு அதைத் தாங்குகிறது, வேர்ப்பின்னல் உறிஞ்சுகிறது. அடியில் உள்ள பழம்பாறை கெட்டியானது. அதன் வெடிப்புகளிலும், உளுத்துப்போன மேற்பகுதியிலும் தண்ணீர் தங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடைக்கரைகளில் கசிகிறது. மரத்தை எடுத்துவிட்டு அதே மழையை அதே சரிவில் பெய்யவிட்டால், மூன்றே நாளில் வெள்ளமாக வந்து தீர்ந்துவிடும். வற்றாத ஆறு என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சருகும் வேரும்தான்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோடையில் இன்று திருநெல்வேலிப் பாலத்தடியில் ஓடும் தண்ணீரில் அணையிலிருந்து அளந்து திறந்துவிடப்படுவதும் உண்டு. காடு தேக்குவதை அணை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்கிறது.

அந்தக் காடு பாதுகாக்கப்பட்டிருக்கிறதா?

ஆம். 1962இல் முண்டந்துறை சரணாலயம் அமைந்தது. 1988இல் அதையும் களக்காடு சரணாலயத்தையும் இணைத்துக் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. காடு புலிக்காகக் காக்கப்பட்டது என்றாலும், அதன் பலனை அன்றாடம் குழாயில் பிடிப்பவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு தாமிரபரணி இருக்கிறதாமே? அது இதன் கிளையா?

இல்லை, அது தனி ஆறு. குழித்துறைத் தாமிரபரணி என்று அடைமொழி சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாக மேற்கே ஓடி, தேங்காய்ப்பட்டணம் அருகே அரபிக்கடலில் சேர்கின்றன.

ஆனால் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் மலைப்பாதை மேல் கோதையாற்றில் போய் முடிகிறது. அந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் நீர் பிரியும் முகட்டைக் கடந்துவிடுகிறோம். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழைத்துளி புன்னைக்காயலுக்கும், அந்தப் பக்கம் விழுவது தேங்காய்ப்பட்டணத்துக்கும் போகிறது. பலகை எதுவும் வைத்திருக்கவில்லை. ஓடைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தால்தான் தெரியும்.

வழியில் எந்தெந்த ஆறுகள் சேர்கின்றன?

மலைக்குள்ளேயே சேர்வலாறு வந்து கூடுகிறது. சமவெளியில் முதலில் வருவது தெற்கிலிருந்து மணிமுத்தாறு. மாஞ்சோலை மலையின் மழையைக் கொண்டுவந்து கல்லிடைக்குறிச்சிக்கு அருகே சேர்க்கிறது. அடுத்து வடமேற்கிலிருந்து கடனா நதி. ராமநதி, ஜம்பு நதி ஆகியவற்றின் நீரையும் கூட்டிக்கொண்டு திருப்புடைமருதூரில் கலக்கிறது. அங்கே கோயில் மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றுக்காகப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். பிறகு களக்காட்டு மலையிலிருந்து பச்சையாறு வந்து தருவைக்கு அருகில் சேர்கிறது.

கடைசியாக வருவது சிற்றாறு. பெயர்தான் சிறிது, எண்பது கிலோமீட்டர் ஓடி வருகிறது. திருநெல்வேலியைத் தாண்டி, சீவலப்பேரியில் கூடுகிறது. முக்கூடல் என்று பழம்பெயர் பெற்ற இடம் இதுதான். அம்பாசமுத்திரம் பக்கத்தில் முக்கூடல் என்றே ஓர் ஊர் இருப்பதால் பலரும் அங்கே போய்த் தேடுகிறார்கள்.

அப்படியானால் குற்றால அருவியும் தாமிரபரணித் தண்ணீர்தானா?

கடைசியில் ஆமாம். குற்றாலத்தில் விழுவது சிற்றாறு. அது சீவலப்பேரியில் தாமிரபரணி ஆகிவிடுகிறது. குற்றாலச் சாரலுக்குத் தனிக் காரணம் உண்டு: செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குக் காற்று அதன் வழியே ஈரம் உலராமல் நுழைந்து, தூறலாகச் சிதறுகிறது.

தாமிரபரணியின் சொந்த அருவிகள் பாணதீர்த்தமும், பாபநாசத்துக்கு மேலே உள்ள கல்யாண தீர்த்தமும், அகத்தியர் அருவியும். பாணதீர்த்தம் நேராகக் காரையாறு அணை என்றும் சொல்லப்படும் பாபநாசம் மேல் அணையின் தேக்கத்தில் விழுகிறது. அணை நிறைந்திருக்கும்போது அருவியின் உயரம் குறைவாகவும், வற்றும்போது கூடுதலாகவும் தெரிவது அதனால்தான்.

அணை, அணைக்கட்டு இரண்டும் ஒன்றா?

நெல்லைச் சீமையில் இந்த இரண்டையும் பிரித்தே பேச வேண்டும். அணை என்பது மலையில் தண்ணீரைத் தேக்குவது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, ராமநதி ஆகியவை அவ்வகை. பாபநாசம் மேல் அணை 1942இல் வந்தது, மின்சாரமும் தருகிறது. அதற்கும் சேர்வலாறு அணைக்கும் இடையே மலையைக் குடைந்து சுரங்கவழி அமைத்திருக்கிறார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற எண்கள் எங்கள் பக்கத்தில் டீக்கடைப் பெரியவர்கள் வரை எல்லாருக்கும் மனப்பாடம். அக்டோபர் வந்துவிட்டால் காலைச் செய்தித்தாளில் ராசிபலனுக்கு முன்பு நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள்.

அணைக்கட்டு வேறு. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டப்பட்ட கல்வரிசை அது. தண்ணீரைத் தேக்குவதில்லை, கொஞ்சம் உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்க்குள் திருப்பிவிடுகிறது. மிஞ்சியது மேலே வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போய்விடும். மேலிருந்து கீழாக எட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து, ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கின்றன. வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்புகின்றன. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை.

மருதூர் அணைக்கட்டை நேரில் பார்த்தவர்கள் அதன் வடிவத்தை மறக்க மாட்டார்கள். குதிரை லாடத்தைப்போல் வளைந்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. நேராகக் கட்டியிருந்தால் வெள்ளம் முழு வேகத்தையும் ஒரே இடத்தில் காட்டியிருக்கும். நீளத்தைக் கூட்டியதால் வழியும் நீரின் கனம் குறைகிறது, கல் பிழைத்துக்கொள்கிறது. கணக்கு நோட்டு எழுதி வைக்காமல் இதைச் செய்த கொத்தர்களையும் குடிமராமத்து ஆட்களையும் நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

கார், பிசானம் என்கிறார்களே?

இரண்டு நெல் சாகுபடிகள். தென்மேற்குப் பருவத்தில் ஆற்றில் வரும் மலைத்தண்ணீரை நம்பி ஜூன் வாக்கில் தொடங்குவது கார். வயலில் மழையே பெய்யாமல் நடக்கும் சாகுபடி அது. வடகிழக்கு மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். மழை முன்பின்னானால் கார் பொய்த்துவிடும். பிசானம் பெரும்பாலும் கைகொடுக்கும். இரண்டு கடல்களிடமிருந்து மழை வாங்கும் மலை என்று மேலே சொன்னேனே, அது வயலில் இறங்கும்போது இப்படி இரண்டு பெயர் பெறுகிறது.

மலையில் மழை பெய்தால் எவ்வளவு நேரத்தில் திருநெல்வேலிக்கு வெள்ளம் வரும்?

ஒரு நாள்கூடப் பிடிப்பதில்லை. நீளம் குறைந்த ஆற்றின் ஆபத்து இதுதான். காவிரியில் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வருவதற்குள் ஊருக்கெல்லாம் செய்தி சொல்லிவிடலாம். இங்கே இரவு மலையில் பெருமழை என்றால், மறுநாள் பகலில் வண்ணாரப்பேட்டைக் கரையில் தண்ணீர் நிற்கும்.

குறுக்குத்துறையில் நின்று பார்த்தவர்களுக்கு அது வரும் விதம் தெரியும். முதலில் நிறம் மாறும். கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் லேசாகக் கலங்கி, பிறகு டீயைப்போல் ஆகும். அடுத்து நுரை. அதன் பிறகு காய்ந்த மூங்கில் துண்டுகளும் மலைக்காட்டுச் சருகும் மிதந்து வரும். துறையில் குளித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் அதைப் பார்த்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரை மணியில் படித்துறையில் ஒரு படி மறையும். பிறகு எண்ண முடியாது.

அங்கே ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கும். தண்ணீர் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் படகின் முனைபோல் கூராகக் கட்டியிருக்கிறார்கள்; வெள்ளம் இரண்டாகப் பிளந்து விலகிப்போகிறது. நீர் ஏறத் தொடங்கியதும் உற்சவரையும் கோயில் பொருள்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்த பிறகு வண்டலை அள்ளி, கழுவி, திரும்ப வழிபாடு தொடங்கும். ஆற்றை எதிர்க்காமல், அது வரும்போது வழிவிட்டு, போனபின் திரும்பிவரும் இந்தப் பழக்கத்தை, கரையோரத்தில் வீடு கட்டியவர்கள் பின்பற்றாமல் போனார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2023 டிசம்பர் வெள்ளம் ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது? அணைகள் தடுத்திருக்க வேண்டாமா?

1992 நவம்பர் வெள்ளத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். 1992இல் மலைமேல் கொட்டிய மழையும், அணைகள் கொள்ளாமல் வந்த நீரும் சேர்ந்து கரையோர ஊர்களைத் தாக்கின. மலையிலிருந்து வந்த வெள்ளம் அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது வேறு. மலையிலும் பெருமழை, அதைவிட அதிகமாக ஆற்றின் கடைமடையில் மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்தப் பக்கத்தில் ஓர் ஆண்டில் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் விழுந்தது. அணைகள் எல்லாம் மலையடிவாரத்தில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் விழும் மழையை எந்த அணை தடுக்கும்? தட்டையான நிலம், வடிய வழியில்லை. குளங்கள் உடைந்தன. உடைந்த குளத்துத் தண்ணீர் அடுத்த குளத்தை உடைத்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றி இரண்டு இரவுகள் தவித்தார்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்து அவர்களுக்கு உணவு கொடுத்தார்கள் என்பதையும் இந்த ஆற்றின் கதையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொற்கை துறைமுகம் என்று படித்தோம். போய்ப் பார்த்தால் கடலையே காணோமே?

கடல் நகர்ந்துவிட்டது, சரியாகச் சொன்னால், ஆறு அதைத் தள்ளிவிட்டது. மலையில் அரித்த மண்ணை மழைக்காலந்தோறும் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டுகிறது ஆறு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் முத்து ஏற்றிய பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே நிலத்தைத் தோண்டினால் கடற்சிப்பிகள் கிடைக்கும்.

கொற்கை தூர்ந்ததும் வணிகம் கடலைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கியது. அடுத்து எழுந்த காயல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறைமுகம் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல் ஆகிவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல். பிறகு ஆற்று மண்ணின் தொல்லை இல்லாத தூத்துக்குடி. காயல் என்றால் உப்பங்கழி. ஊர்ப் பெயர்களே வண்டல் நகர்ந்த வரிசையைச் சொல்லிவிடுகின்றன.

ஆதிச்சநல்லூர் ஏன் ஆற்றை ஒட்டி, ஆனால் மேட்டில் இருக்கிறது?

ஆதிச்சநல்லூர் பழங்கால இடுகாடு. இறந்தவர்களை வைத்த தாழிகளைப் புதைத்த இடம் கல்லும் சரளையும் நிறைந்த மேட்டுப் பரம்பு. உழவுக்கு உதவாத நிலம். வண்டல் படிந்த வயலை உயிரோடு இருப்பவர்களுக்கும், வெள்ளம் ஏறாத மேட்டை இறந்தவர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பொருநை, தாமிரபரணி – எது சரியான பெயர்?

இரண்டும் சரி. பொருநை பழந்தமிழ்ப் பெயர். தாமிரபரணியில் உள்ள தாமிரம் செம்பைக் குறிக்கும். மழைக்காலத்துச் செந்நிற நீரால் வந்தது என்பார்கள், செந்தளிரோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. இலங்கைக்கும் தம்பபண்ணி என்ற பழம்பெயர் இருந்ததால், அசோகர் கல்வெட்டில் வரும் அந்தச் சொல் ஆற்றைக் குறிக்கிறதா தீவைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

கடலில் போய் வீணாகும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தினால் என்ன?

'வீணாகும்' என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புன்னைக்காயலில் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழியில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. இறாலும் மீன்குஞ்சும் அங்கே வளர்ந்துதான் மன்னார் வளைகுடாவுக்குப் போகின்றன. ஆறு கடலைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை, ஆத்தூர், முக்காணிப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கும். தண்ணீர் நின்றால் உப்பு உள்ளே ஏறும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் அந்த உப்பு ஏறினால் கொடி தாங்காது.

வெள்ள நீரைத் திருப்புவது வேறு. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் வறட்சிப் பகுதிகளுக்கு, கருமேனியாறு, நம்பியாறு ஆகியவற்றை இணைத்து எம்.எல். தேரி என்னும் செம்மணல் காடு வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய் வெட்டும் பணி 2009இல் தொடங்கியது. மிகுதியாக வரும் நாள்களில் அதைத் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோவது நல்ல காரியம். கோடையில் ஓடும் மெல்லிய நீரை ஒரு சொட்டு விடாமல் எடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே பல கோடைகளில் மணல்தான் தெரிகிறது. 'வற்றாத ஆறு' என்பது அங்கே வசிப்பவர்களுக்கு இப்போதே பழைய பேச்சு.

ஆற்றுக்கு இன்று பெரிய கேடு எது?

நகரக் கழிவுநீர். ஒளிவுமறைவு வேண்டாம், அதுவே முதலிடம். அடுத்து மணல். பல ஆண்டுகள் அள்ளியதில் ஆற்றுப்படுகை தாழ்ந்தது. மணல் இருந்தால் நீரைப் பிடித்து வைத்திருக்கும், வெறும் களியும் பாறையும் பிடிக்காது. மூன்றாவது, பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகள். நீருக்கடியில் பாறை இடுக்கில் சிக்கிய ஒரு சேலையை நானே இழுத்துப் பார்த்திருக்கிறேன். அதோடு இன்னும் ஏழெட்டுத் துணிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு வந்தன. அதற்குள் மீன்கள் செத்திருந்தன. கும்பிட வருபவர்கள் துணியைக் கரையில் உள்ள தொட்டியில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு ஆற்றில் இறங்குங்கள்.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

பூங்குளமும் பாணதீர்த்தமும் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்வது இது: மார்கழி அல்லது தை மாதத்தில், மழை கழுவிய வானம் தெளிந்திருக்கும் ஒரு காலையில், திருநெல்வேலியில் 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நில்லுங்கள். மேற்கே நீலமாக மலை தெரியும். அன்று காலையில் அங்கே மேகம் மூடியிருந்தால், மறுநாள் வந்து அதே இடத்தில் நின்று கீழே பாருங்கள். தண்ணீரின் நிறம் மாறியிருக்கும்.